போன தடம் ரெண்டு சோடி

"நம்ம ஊர்ப் பாட்டப் பாடிருக்கீங்க டீச்சர், ரொம்ப சந்தோஷம்" என்று அந்த மனிதர் போனில் சொன்னபோது நான் கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை காலை. மறுநாள் சாயங்காலம் சர்ச்சை ஒட்டிய பங்கு மண்டபத்தில் எங்கள் முதல் ஆல்பம் வெளியீடு. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யார் பேசுவது என்று கேட்டேன். "குஜிலியம்பாறைக்குப் பக்கத்துல இருந்து, சுப்புராஜு. நீங்க பாட்டு வாங்குனீங்களே பேச்சாயி, அவங்க எங்க மதினி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சாயியைத்தான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தோம். அவளிடம் போன் கிடையாது. அவள் சமையல் செய்யும் பள்ளிக்கூடத்துக்கோ கோடை விடுமுறை. நேரில் போய் விசாரிக்க வெளியீட்டு வேலை விடவில்லை. மேடையில் அவளை ஏற்றி, முதல் பிரதியை அவள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று நானும் சூர்யகலாவும் முடிவு செய்திருந்தோம். "அப்ப இன்னைக்கே வாங்களேன், மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுல" என்றார் சுப்புராஜ். குரல் அவ்வளவு பதமாக இருந்தது.

நாங்கள் என்றால் நானும் சூர்யகலாவும். நான் ஐரின், திண்டுக்கல்லில் டீச்சர், கோயில் பாடகர் குழுவில் கிதார் கற்றவள். அவள் சின்னாளபட்டி நெசவுக் குடும்பம், அப்பா நெய்கிறார், இவள் சேலைக் கடையில் பில் போடுகிறாள். வீட்டில் கன்னடம் பேசுவாள், கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். ஒரு கல்யாணக் கச்சேரியில் பின்பாட்டுக்கு நிற்க வைக்கப்பட்டு, இரண்டு பேருடைய மைக்கையும் அணைத்தே வைத்திருந்தார்கள் என்று பாதியில் கண்டுபிடித்த அன்று ஆரம்பித்த சிநேகிதம் இது. குழுவுக்கு 'சுங்குடி' என்று பெயர் வைத்தோம். ஒரு கிதார், ஒரு கஞ்சிரா, இரண்டு தொண்டை, வேறு ஒன்றும் கிடையாது. பாட்டெல்லாம் நாங்களே எழுதி நாங்களே மெட்டுப் போட்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் பெயரைத்தான் ஆல்பத்துக்கே வைத்திருந்தோம். 'ஒத்தச் சோடி.'

அது கிடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். போன பாராளுமன்றத் தேர்தலுக்கு எனக்கு வாக்குச்சாவடி டூட்டி போட்டது ஒரு பட்டிக்காட்டுப் பள்ளிக்கூடத்தில். எரியோடு தாண்டி, கோவிலூர் தாண்டி, பஸ்காரனே 'அங்கயா டீச்சர்' என்று இழுக்கிற ஊர். முதல் நாளே போய்த் தங்க வேண்டும். எங்களுக்குச் சோறாக்க வந்த சத்துணவுச் சமையல்காரிதான் பேச்சாயி. ஐம்பது வயது இருக்கும். அன்று சாயங்காலம் சமையல்கூடத்துக்குப் பின்னால் முருங்கைக் கீரை உருவிக்கொண்டே ஏதோ பாடினாள். ஒப்பாரிதான், ஆனால் மாரில் அடித்துக்கொண்டு பாடுகிற மாதிரி இல்லை. கணக்கு வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, நிதானமாக, ஒரு சொல்கூட விழுங்காமல் பாடினாள். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. மறுபடி பாடச் சொல்லி போனில் பதிவு செய்தேன்.

*கம்பங் கொல்லை மேட்டு வழி*
*காத்தடிக்கும் நேரத்துல*
*தனியாகப் போகாதன்னு*
*தொணைக்கி வந்தார் சின்னையா.*

*வட்டக் கெணத்து மேட்டுல*
*வாளியில்ல கயிறுமில்ல*
*போன தடம் ரெண்டு சோடி*
*திரும்பித் தடம் ஒத்தச் சோடி.*

மகளுக்குப் பாடியது என்றாள். நாகஜோதி, ஒரே பிள்ளை, கிணற்றில் விழுந்து செத்துப்போனது என்றாள். கேட்டுவிட்டு நான் டீச்சர் புத்தியில் அடுத்த கேள்வி கேட்டேன். "சின்னையான்னா யாரும்மா?" அவள் உருவிய காம்பைக் கீழே போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தெற்குப் பக்கம் தாடையைத் தூக்கிக் காட்டி, "எங்களயெல்லாம் காக்குறவரு டீச்சர்" என்றாள். அவள் காட்டிய திசையில் வேப்பமரத்தடியில் அரிவாளோடு ஒரு சாமி சிலை நின்றது. அதற்குப் பின்னால் ஒரு மச்சு வீடும் இருந்தது. நான் சிலையை மட்டும் பார்த்தேன். பாட்டாகப் போடலாமா என்று கேட்டதற்கு, "எல்லா ஊர்லயும் பாடுங்க டீச்சர்" என்றாள். மறுநாள் ஓட்டுப் போட வந்தபோது, சாவடி வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். எங்கள் அதிகாரி சிரித்தார். பழக்கம் சார் என்றாள்.

சூர்யகலா அதற்குத் தாலாட்டு மாதிரி ஒரு மெட்டுப் போட்டாள். கேட்டால் தூக்கம் வரும், அப்படி ஒரு மெட்டு. பாட்டு தொடங்கும்போது கொஞ்ச நேரம் பேச்சாயியின் குரலையே ஒலிக்க விட்டிருந்தோம். போன வாரம் உள்ளூர் ரேடியோவில் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தார்கள், பாட்டையும் போட்டார்கள். அதில் நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கம் வேறு கொடுத்தேன். சின்னையா என்பது அந்தப் பக்கத்துக் காவல் தெய்வம், தெய்வமே துணைக்கு வந்து மகளை அழைத்துப் போய்விட்டது என்று தாய் தன்னைத் தேற்றிக்கொள்கிறாள், என்ன ஒரு கற்பனை என்றேன். பேட்டி எடுத்த பெண் உச்சுக்கொட்டினாள்.

"அந்த ஆளுக்கு ஒன் நம்பர் எப்புடிக் கெடச்சுச்சு?" என்று ஸ்கூட்டியில் போகும்போது சூர்யகலா கேட்டாள். அவள்தான் ஓட்டினாள், நான் கிதாரை முதுகில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் கேட்டிருப்பார் என்றேன். "ரேடியோவுல யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானடி வந்தோம்?" என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு சந்தேகம் இவளுக்கு. எரியோடு தாண்டியதும் வெயில் மண்டையைப் பிளந்தது. மழையை நம்பி உழுது போட்ட புழுதிக் காடுகள், இடையிடையே முருங்கைத் தோப்பு, வேலி ஓரமெல்லாம் கருவேலம். ஊருக்கு முன்னால் சாலையை ஒட்டி ஒரு மேடும், அதன்மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத வட்டக் கிணறும் இருந்தன. அதில் கம்பி வலை போட்டு மூடியிருந்தார்கள். பாட்டில் வருகிற கிணறு என்று சூர்யகலா வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தாள். ஆல்பத்துக்கு ஆகும் என்றாள்.

சுப்புராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்த அதே மச்சு வீடு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சிரித்த முகம். மனிதர் வாங்க டீச்சர், வாங்க தங்கச்சி என்று கிதாரைக்கூட அவரே வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். மோர் வந்தது, கொண்டுவந்தவள் நிறைமாதக் கர்ப்பிணி. நடு அண்ணன் மகள், பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்றார். பேச்சாயியைக் கேட்டேன். "அடுப்படியில வேலையா இருக்காங்க. அண்ணன் போனதுல இருந்து இங்கதான். நாம பாக்காம வேற யாரு பாக்குறது?" என்றார். நாகஜோதியைப் பற்றி நான் கேட்கவே இல்லை, அவராகவே சொன்னார். "வேடசந்தூர்ப் பக்கம் மில்லுக்குப் போய்ட்டு இருந்துச்சு. வேன் ஓட்டுற பயகூடப் பேச்சு வார்த்தை. ஆளு நமக்கு ஆகாதவன். எடுத்துச் சொன்னோம், கேட்டுக்கிருச்சு, நல்ல புள்ள. என்ன பண்றது, கால் வழுக்கிருச்சு." சொல்லிவிட்டு மோரைக் குடிக்கச் சொன்னார்.

அப்போதுதான் அந்தக் கர்ப்பிணிப் பெண் உள்ளே இருந்து கூப்பிட்டாள்.

"சின்னையா, எலை போட்டாச்சு."

அவர் "இந்தா வாரோம்" என்று எழுந்தார்.

எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு எல்லாம் சேர்ந்து ஓடியது. அப்பாவின் தம்பியை எங்கள் வீட்டில் சித்தப்பா என்போம். சூர்யகலா வீட்டில் கன்னடத்தில் ஏதோ சொல்வார்கள். சின்னையா என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. தாடையைத் தூக்கிக் காட்டினாளே அன்றைக்கு, அவள் காட்டியது சிலையை இல்லை, வீட்டை. ஒரு தாய் யார் கொன்றது என்று ஊரறியச் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் நான் தூக்கம் வருகிற மெட்டில், கற்பனை நயம் என்று சொல்லி, ரேடியோவில் கொடுத்திருக்கிறேன். அவளுடைய குரலோடு.

இலையில் உட்கார வைத்துவிட்டார்கள். கோழிக் குழம்பு, கத்தரிக்காய் வெஞ்சனம், அப்பளம். பரிமாற வந்தவள் பேச்சாயி. தேர்தலன்று பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க டீச்சர்" என்றதோடு சரி. சூர்யகலா ஒன்றும் அறியாமல், "அம்மா, நாளைக்கு நீங்கதான் எங்க சீஃப் கெஸ்ட்" என்று குதூகலமாகச் சொன்னாள். சுப்புராஜ் சிரித்தார்.

"ரேடியோவுல மதினி கொரல் வந்ததும் கண்டுபுடிச்சிட்டேன். அதுக்கப்புறம் டீச்சர் வெளக்கம் சொன்னீங்க பாருங்க, வீட்டுல ஒரே சிரிப்பு. சின்னையான்னா காவல் தெய்வமாம். என்னையச் சாமியாக்கிட்டீங்க டீச்சர்." ரசத்தை ஊற்றச் சொல்லிக் கை காட்டினார். "அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மேடையிலயும் சாமின்னே சொல்லிருங்க. சாமின்னா எல்லாருக்கும் நல்லது. மதினிக்கும் நல்லது."

சூர்யகலாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. புரிந்துவிட்டது அவளுக்கு. நான் தலையை ஆட்டினேன். அதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனபோது பேச்சாயி செம்பில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அடியில் பேசினாள். "சாமின்னு சொல்லாதீக டீச்சர்." "தெரியாமப் பண்ணிட்டேம்மா" என்றேன். "அதச் சொல்லல. எம்மக போனதுல இருந்து எல்லாரும் கால் வழுக்கிருச்சு, கால் வழுக்கிருச்சுன்னே சொல்றாக. ரேடியோவுல வந்தப்பதான் என் வாயால சொன்னது வெளிய கேட்டுச்சு. அதயும் சாமி கணக்குல எழுதிட்டீக" என்றாள். இப்போதே எங்களோடு வந்துவிடுங்கள் என்றேன். செம்பு காலியானது. அவள் பதில் சொல்வதற்குள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

கூடத்தில் பாட வேண்டும் என்றார் சுப்புராஜ். வெளியீட்டுக்கு முன்னால் எங்கள் வீட்டில்தான் அரங்கேற்றம் என்றார். வேறு பாட்டுப் பாடுகிறோம் என்றோம், அதையே பாடுங்கள் என்றார். எனக்கும் சூர்யகலாவுக்கும் ஒரு சைகை உண்டு. பாடும்போது நான் பாதத்தை இரண்டு தரம் தட்டினால் அடுத்ததை விட்டுவிட்டு முடிப்புக்குப் போக வேண்டும். முதல் நாலு அடி பாடியதும் தட்டினேன். அவளும் பிடித்துக்கொண்டாள். கிணறும் தடமும் இல்லாமல் பாட்டை முடித்தோம். பாட்டு எப்படியோ போய்த் தொலையட்டும், அந்த அம்மாள் பிழைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

"நாலு அடி விட்டுப் போச்சே டீச்சர்" என்றாள் பேச்சாயி, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு.

கர்ப்பிணிப் பெண் தரையைப் பார்த்தாள். சுப்புராஜ் மட்டும் மெதுவாகத் தலையாட்டினார். "அவங்க சொல்றது சரிதான். தடம்னு ஒண்ணு வருமே. பாடுங்க டீச்சர், ஆசைப்படுறாங்கள்ல."

பாடினோம். போன தடம் ரெண்டு சோடி என்று அவர் முகத்துக்கு நேராகப் பாடினோம். அவர் நாற்காலிக் கையில் விரலால் தாளம் போட்டார், ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பேச்சாயியின் உதடும் அசைந்தது. பாடி முடித்ததும் நான் தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு, ஒத்திகைக்கு அம்மாவும் வேண்டும், இப்போதே கூட்டிப்போகிறோம் என்றேன்.

"ஸ்கூட்டியில மூணு பேரா? அதுவும் கித்தாரோட? எரியோட்டுலயே போலீஸ்காரன் புடிச்சிருவான் டீச்சர்" என்றார். பிறகு பேச்சாயி பக்கம் திரும்பினார். "டவுனுக்குத் தனியா எப்படிப் போவீங்க மதினி. நாளைக்கு நான் தொணைக்கு வாரேன்."

திரும்பி வரும்போது அந்தக் கிணற்றுப் பக்கம் திரும்பாமல் சூர்யகலா வண்டியை விரட்டினாள். எரியோட்டில் வண்டியை ஓரங்கட்டி, கிணற்றுப் போட்டோவை அழித்தாள், பிறகு அழுதாள். போலீசுக்குப் போவோம் என்றாள். ஒரு வக்கீலைத் தெரியும் எனக்கு, அங்கிருந்தே போன் போட்டேன். கால் வழுக்கி விழுந்ததாக முடித்த கேஸ், ஒப்பாரியை வைத்துக்கொண்டு என்ன செய்ய, அந்த அம்மா புகார் கொடுக்குமா என்று கேட்டார். கொடுப்பதாக இருந்தால் நாளைக்கே என்னிடம் கூட்டி வாருங்கள் என்றார். ஆக அவள் திண்டுக்கல் வந்து சேர வேண்டும். அதன் பிறகு திரும்பிப் போகவிட மாட்டோம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். வந்து சேர்ந்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நாற்காலி போடும்போதே சண்டை. "சாமின்னே சொல்லிருடி. நீ சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவ. அவங்க அங்க போயித் தூங்கணும்ல" என்றாள் சூர்யகலா. அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் சாமின்னு சொல்லாதீக என்ற பேச்சாயியின் குரலும் காதை விட்டுப் போகவில்லை. அவள் வரட்டும், வந்த பிறகு அவளையே கேட்டுக்கொள்வோம் என்றேன். முன்வரிசையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் அந்த ஆளுக்கு ஒன்று போட்டேன். ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர்கள், பாடகர் குழு, சேலைக் கடைப் பெண்கள், ரேடியோவில் பேட்டி எடுத்த பெண், சின்னாளபட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய சூர்யகலாவின் சொந்தங்கள். வாசலில் ஒவ்வொரு வண்டி நிற்கும்போதும் எட்டிப் பார்த்தேன்.

சுப்புராஜ் வந்தார். அதே வெள்ளை வேட்டி. பைக்கை நிறுத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குக் கும்பிடு போட்டபடி தனியாக நடந்து வந்தார்.

"அம்மா எங்கங்க?" என்றேன்.

"சேந்துதான் கெளம்புனோம் டீச்சர். பைக்குல ஒக்கார முடியல, இடுப்பு வலிக்கிதுன்னாங்க. பாதியில எறங்கிக்கிட்டாங்க, பஸ்ஸுல வாரேன்னு." சிரித்தார். "நீங்க ஆரம்பிங்க. வந்துருவாங்க."

சூர்யகலாவின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. அவர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியின் முதுகில் கையைப் போட்டுக்கொண்டார், தெரிந்தவர்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

நான் வக்கீலுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லி, வேனில் வந்திருந்த சூர்யகலாவின் அண்ணனை வண்டி எடுத்துக்கொண்டு எரியோட்டுப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். பஸ் நேரம் விசாரித்தேன். ஒரு பஸ் வந்து போய்விட்டிருந்தது. இன்னொன்று வர வேண்டும். பாதர் வந்து கூட்டம் கலைகிறது, ஆரம்பியுங்கள் என்றார். மேடை ஏறினோம். ஏறும்போதுகூட என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. கிதாரைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்தால் நேர் எதிரே அந்த மனிதர். சொல்லுங்க என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தார். சாமின்னா எல்லாருக்கும் நல்லது. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. மைக்கைக் கிட்டே இழுத்தேன்.

"ரேடியோவுல நான் ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். "சின்னையாங்கிறது சாமி இல்ல. அந்த ஊர்ல அப்பாவோட தம்பிய அப்படிக் கூப்பிடுவாங்க. இந்தப் பாட்டு பேச்சாயியோடது. மக நாகஜோதிக்காகப் பாடுனது. எதுவும் கற்பனை இல்ல, அவங்க சொன்னது சொன்னபடி இருக்கு. கேளுங்க."

ரேடியோப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சூர்யகலா என்னைப் பார்க்கவே இல்லை. நான் கம்பியைத் தொடுவதற்கு முன்பே அவள் பாட்டை எடுத்துவிட்டாள், தாலாட்டு மெட்டில் இல்லை. பேச்சாயி பாடியதைப் போல, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். தனியாகப் போகாதன்னு, தொணைக்கி வந்தார் சின்னையா. நானும் சேர்ந்துகொண்டேன். காலி நாற்காலியின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டை நிறுத்தாமல் நானும் அங்கேயே பார்த்தேன். வெளியே ரோட்டில் பஸ் ஒன்று நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. சாய்ந்த வெயில் வாசல்படி வரைக்கும் வந்து கிடந்தது. அந்தப் படியில் செருப்பு எதுவும் இல்லை.